மைக் செட் விசிலும் ஏரியில் மிதந்த ஆன்டெனாவும்

நீலசந்திராவிலும் அக்கம்பக்கத்து ஆஸ்டின் டவுன், விவேக்நகர், ஈஜிபுரா தெருக்களிலும் மைக் செட், கேபிள், செல்போன் ரிப்பேர் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்



அலை எதுவானாலும் அதற்கு மூன்று அளவுகள் உண்டு: நொடிக்கு எத்தனை அதிர்வு, ஓர் அதிர்வின் நீளம் எவ்வளவு, அலை ஓடும் வேகம் எவ்வளவு. முதல் இரண்டையும் பெருக்கினால் மூன்றாவது கிடைக்கும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. ஆகவே 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். 10,000 ஹெர்ட்ஸ் ட்ரெபிளின் அலை மூன்றரை சென்டிமீட்டரைத் தொடாது. தன் நீளத்தைவிடச் சிறிய தடையை அலை சுற்றிக்கொண்டு போய்விடும். பெரிய தடையில் மோதித் திரும்பும். நீலசந்திராவின் நெருக்கமான சந்துகளில் அம்மன் கோயில் திருவிழாவின் தாளம் மூன்று தெரு தாண்டி வீட்டுக்குள் நுழைவதும், பாட்டின் சொற்கள் தெருமுனையிலேயே தங்கிவிடுவதும் இதனால்தான்.

வானொலி அலைக்கும் இதே கணக்கு. வேகம் மட்டும் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். பெங்களூர் ஆகாசவாணியின் 612 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை 490 மீட்டர் நீளம். எஃப்எம் அலை சுமார் 3 மீட்டர். மொட்டைமாடி டிஷ்ஷில் வந்து விழும் சி-பேண்ட் அலை 7 அல்லது 8 சென்டிமீட்டர். வானொலி அலையின் நீளத்தை முதன்முதலில் அளந்தவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் 1880களின் கடைசியில் நடந்த அந்தச் சோதனையில் அவர் கூடத்தின் ஒரு கோடியில் துத்தநாகத் தகட்டை நிறுத்தி, போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடங்களைத் தேடிக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் இதை மில்லிமீட்டர் நீள அலைகளுக்குக் கொண்டுபோனார். இந்தத் துறையின் முதல் அளவே எதிரொலியை வைத்து எடுக்கப்பட்டது என்பது குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. பின்னால் வந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதியும் அதே எதிரொலியோடு நடத்திய மல்லுக்கட்டுதான்.

மைக் செட் வேலையில் அந்த மல்லுக்கட்டு தினசரி நடக்கிறது. மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே 3.4 மீட்டர் இருந்தால் அதைக் கடக்க ஒலிக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். ஸ்பீக்கரிலிருந்து வந்த ஒலி மறுபடி மைக்கில் புகும்போது, அந்தத் தாமதத்துக்குள் முழு அதிர்வுகளாக அடங்கும் அதிர்வெண்கள் சுற்றுக்குச் சுற்று வலுத்துக்கொண்டே போகும். இவை 100 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நிற்கும். அவற்றில் எதற்கு ஆம்ப்ளிஃபயரும் ஹாலும் சேர்ந்து அதிக வலு கொடுக்கின்றனவோ, அதுவே விசிலாகக் காதைக் கிழிக்கிறது. ஈக்வலைசரில் அந்தப் பட்டையை மட்டும் இறக்கினால் விசில் அடங்கும். வால்யூமை இன்னும் ஏற்றினால் வரிசையில் வேறொன்று கிளம்பும். மைக்கை நகர்த்தினால் விசிலின் சுருதியே மாறும், ஏனெனில் தாமதம் மாறிவிட்டது. விதி சுருக்கமானது: ஒன்றைத் தாமதத்தால் வகுத்தால் அதிர்வெண்களுக்கு இடையிலான இடைவெளி கிடைக்கும். நொடியில் நூறில் ஒரு பங்கு தாமதம், நூறு ஹெர்ட்ஸ் இடைவெளி.

கேபிள் வேலையிலும் இது ஒளிந்திருக்கிறது. 75 ஓம் கேபிளின் முனை சரியாகப் பொருந்தாவிட்டால் சிக்னலில் ஒரு பங்கு திரும்பி ஓடும். பழைய அனலாக் டிவியில் படத்துக்குப் பக்கத்தில் நிழற்படம் விழுந்ததற்குத் திரும்பிவந்த அலை ஒரு முக்கியக் காரணம். டிஜிட்டல் வந்த பிறகு நிழல் கண்ணுக்குத் தெரிவதில்லை; ஆனால் திரும்பும் அலை எங்கும் போய்விடவில்லை. மீட்டரில் அதிர்வெண்ணை மெல்ல ஏற்றிக்கொண்டே பார்த்தால் சிக்னல் அளவு ஏறி இறங்கும் நெளிவாக அது தென்படும். கேபிளில் அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். 5 மீட்டர் கேபிளில் போய்த் திரும்ப நொடியின் 2 கோடியில் ஒரு பங்கு ஆகும். ஆகவே நெளிவு 20 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு முறை வரும். இந்த 20 கீழே முக்கியமான இடமொன்றில் மறுபடி தலைகாட்டும்.

எதிரொலி எப்போதும் தொல்லை தருவதில்லை. தந்தியைச் சுண்டும்போது அலை ஒரு முனைக்குப் போய் மறுமுனைக்குத் திரும்புகிறது. அந்தப் பயணத்தின் தாமதம் ஒன்றே ஒன்று என்பதால் எழும் அதிர்வெண்கள் 1, 2, 3, 4 என்று ஒழுங்காக அடுக்கப்படுகின்றன. காதுக்கு அது சுருதியாகப் படுகிறது. வட்டத் தோலில் அலை விளிம்புக்குப் போகப் பல வழிகள். சாதாரணத் தோல் பறையின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒன்றுக்கொன்று பொருந்தாமல் சிதறுகின்றன; அதில் தாளம் உண்டு, நிலையான சுருதி இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் மட்டும் இது எப்படி மாறிவிட்டது என்பதைச் சி. வி. ராமன் ஆராய்ந்தார். கல்கத்தாவில் இருந்தபோது சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு குறிப்பு எழுதினார். 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக வந்தபின், 1934இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். தோலின் நடுவே பூசிய கரணை அந்த இடத்தைக் கனமாக்குகிறது. கனமான இடத்தில் அலை மெதுவாக நகர்கிறது. தோலில் மெல்லிய மணலைத் தூவி, அதிராத கோடுகளில் மணல் ஒதுங்குவதைக் கொண்டு ராமன் ஒவ்வொரு அதிர்வு வகையையும் பிரித்துக் காட்டினார். முதல் ஒன்பது அதிர்வு வகைகளும் ஐந்தே அதிர்வெண்களில் வந்து குவிகின்றன. அந்த ஐந்தும் 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்தில் நிற்கின்றன. கணிதம் எதுவும் கையில் இல்லாமல், கரணையை ஒவ்வொரு படலமாகப் பூசித் தேய்த்துத் தட்டிக் கேட்டே மிருதங்கம் செய்பவர்கள் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். ராமன் செய்தது அதை நிரூபித்தது. இரண்டில் எது பெரிய ஆராய்ச்சி என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதில் வராது.

ராமனுக்கு நோபல் பரிசு தந்த 1928ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பும் அதிர்வெண் கணக்குதான். ரேடியோ ரிப்பேர் தெரிந்தவர்களுக்கு அதன் அடிப்படை புதிதல்ல. எஃப்எம் செட்டில் வரும் சிக்னலோடு உள்ளேயே உண்டாக்கும் இன்னொரு அதிர்வெண்ணைக் கலந்தால் கூட்டலும் கழித்தலும் பிறக்கின்றன, கழித்தல் 10.7 மெகாஹெர்ட்ஸாக ஐஎஃப்டி காயிலுக்குப் போகிறது. சி-பேண்ட் எல்என்பியில் 5150 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3700ஐயும் 4200ஐயும் கழித்தால் 1450, 950 என்று கேபிள் தாங்கக்கூடிய எல்லைக்குள் வந்துவிடும். ராமன் விளைவில் கலக்கும் வேலையை மூலக்கூறு செய்கிறது. ஒளியின் அதிர்வெண்ணோடு மூலக்கூறின் சொந்த அதிர்வெண் கூடியோ கழிந்தோ வெளியே வருகிறது. வந்த ஒளியை அளந்தால் உள்ளே அதிர்வது எந்த மூலக்கூறு என்று சொல்லிவிடலாம். 1935–36இல் பெங்களூரில் ராமனும் நாகேந்திர நாத்தும் இன்னொரு கலப்பை விளக்கினார்கள். திரவத்தில் மிகை ஒலி அலை ஓடும்போது குறுக்கே போகும் ஒளி பல கதிர்களாகப் பிரிகிறது. பிரிந்த கதிர்களின் அதிர்வெண்கள் ஒலியின் அதிர்வெண்ணின் முழு மடங்குகளில் நகர்ந்திருக்கின்றன. லேசர் ஒளியை மின் சிக்னலால் திருப்பவும் அணைத்து ஏற்றவும் உதவும் கருவிகள் இந்த விளக்கத்தின் மேல்தான் நிற்கின்றன.

தாமதத்தைத் திசையாக மாற்றும் வேலைக்குப் பெங்களூருக்கு வடக்கே உள்ள கௌரிபிதனூர் நல்ல இடம். ஒரே ஊர்ப்புறத்தில் இரண்டு வகை அலைகளுக்கு இரண்டு பெரிய கருவிகள் அமைந்தன. 1965இல், இன்று பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப்படும் நிறுவனம் எல் வடிவில், கிலோமீட்டர் கணக்கில் இடம்விட்டு நில அதிர்வு மானிகளைப் புதைத்தது. எங்கோ நிலநடுக்கமோ பூமிக்கடியில் அணுகுண்டுச் சோதனையோ நடந்தால், அதன் அலை ஒவ்வொரு மானியையும் சற்று முன்பின்னாகத் தொடும். அந்த நேர வித்தியாசங்கள் திசையைச் சொல்லிவிடும். 1970களில் அதே பகுதியில் ராமன் ஆராய்ச்சி நிலையமும் இந்திய வானியற்பியல் நிலையமும் சேர்ந்து 34.5 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ தொலைநோக்கியை அமைத்தன. டிஷ் கிடையாது, ஆங்கில டி எழுத்தின் வடிவில் பரப்பிய ஆயிரம் டைபோல்கள், கிழக்கு மேற்காக 1.4 கிலோமீட்டர். ஒவ்வொரு டைபோலின் சிக்னலுக்கும் வேண்டிய அளவு தாமதம் கொடுத்துக் கூட்டினால், எதையும் நகர்த்தாமலே தொலைநோக்கி வானத்தின் வேறொரு பகுதியைப் பார்க்கும். நிலத்தில் ஓர் அதிர்வுக்கு ஒரு நொடி போன்ற கால அளவு, வானொலியில் நொடிக்கு 3 கோடியே 45 லட்சம் அதிர்வு. கருவிகள் வேறு, கணக்கு ஒன்று. 5ஜி கோபுரத்தின் ஆன்டெனாப் பலகை ஒரு குறிப்பிட்ட போனை நோக்கிச் சிக்னலைக் குவிப்பதும் இந்த வழியில்தான். உதகமண்டலத்தில் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டிய தொலைநோக்கி தாமதக் கணக்கில் பாதியை மலையிடமே விட்டுவிட்டது: 530 மீட்டர் நீள உருளை வடிவத்தை, அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் கிடத்தியதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது; உருளையை அந்த அச்சில் திருப்பினாலே வானத்தின் நகர்வைத் தொடரலாம்.

பொறியியலும் இயற்பியலும் பிரியும் இடம் ஒன்று உண்டு. செல்போன் கோபுரம் அனுப்பும் சிக்னலின் வடிவம் போனுக்கு முன்பே தெரியும். நடுநடுவே தெரிந்த குறியீடுகள் வந்துகொண்டே இருப்பதால், வழியில் எதிரொலி என்ன கோணல் செய்தது என்பதைக் கணக்கிட்டு நேராக்கிவிடலாம். இயற்பியலில் அந்த வசதி கிடையாது. எந்த வடிவில் வரும் என்று உறுதியாகத் தெரியாத சிக்னலைத் தேடும்போது, கருவி தானே போடும் நெளிவையும் வானத்திலிருந்து வந்த நெளிவையும் எப்படிப் பிரிப்பது? ராமன் 1948இல் நிறுவிய, சதாசிவநகரில் உள்ள ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் சாரஸ் என்ற சோதனை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது.

சாரஸ் தேடியது ஹைட்ரஜனின் சிக்னலை. ஹைட்ரஜன் அணு 1420 மெகாஹெர்ட்ஸில் வானொலி அலை உமிழும், உறிஞ்சும். பிரபஞ்சம் விரிவதால் மிகப் பழைய ஹைட்ரஜனிலிருந்து வரும் அலை நீண்டு, அதிர்வெண் இறங்கிவிடுகிறது. முதல் விண்மீன்கள் ஒளிரத் தொடங்கிய காலத்து ஹைட்ரஜன், பின்னணி வெளிச்சத்தில் ஒரு சிறு பள்ளமாகத் தெரிய வேண்டும். 2018இல் ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் வைத்த எட்ஜஸ் என்ற கருவியின் குழு, 78 மெகாஹெர்ட்ஸை மையமாகக் கொண்ட பள்ளத்தைக் கண்டதாக ‘நேச்சர்’ இதழில் அறிவித்தது. 1420ஐ 78ஆல் வகுத்தால் 18 வருகிறது. பிரபஞ்சம் அதன் பிறகு 18 மடங்கு விரிந்திருக்கிறது என்று பொருள். பள்ளத்தின் ஆழம் 0.5 கெல்வின், கோட்பாடு எதிர்பார்த்ததைவிட இரு மடங்குக்கு மேல். விளக்கம் தேடிய கட்டுரைகள் கரும்பொருள் வரை போயின. பள்ளத்தின் அகலம் 19 மெகாஹெர்ட்ஸ்.

5 மீட்டர் கேபிளின் நெளிவு 20 மெகாஹெர்ட்ஸ் என்பது இங்கேதான் கவனத்துக்கு வருகிறது. கேபிள் வேண்டும் என்பதுகூட இல்லை. ஆன்டெனாவின் கீழே மண்ணில் சில மீட்டர் ஆழத்தில் பாறையோ ஈரமோ இருந்தாலும் அங்கிருந்து திரும்பும் அலை அதே போன்ற நெளிவைப் போடும். எட்ஜஸ் ஆன்டெனாவின் கீழே 30 மீட்டர் சதுர உலோகத் தரை விரித்திருந்தது. அந்த உலோகத்துக்கும் அடியிலிருந்த மண்ணுக்கும் இடையே அலை சிக்கி ஒத்ததிர்ந்திருக்கலாம் என்று சிலர் சுட்டிக்காட்டினார்கள்.

இது இரைச்சல் பிரச்சினை அல்ல என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். அந்த அதிர்வெண்ணில் நமது விண்மீன் மண்டலமே ஆயிரக்கணக்கான கெல்வின் வெப்பநிலையில் இரைகிறது. 2,000 கெல்வின் என்று வைத்துக்கொண்டால் 0.5 கெல்வின் அதில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. தற்செயலான இரைச்சல், அதிர்வெண் அகலத்தையும் நேரத்தையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 16 நொடி சேர்த்தாலே 1 கோடியே 60 லட்சம். அதன் வர்க்கமூலம் 4,000. ஆக, கால் நிமிடத்தில் இரைச்சல் பள்ளத்தின் அளவுக்கு இறங்கிவிடும், மணிக்கணக்கில் சேர்த்தால் காணாமலே போகும். எதிரொலி நெளிவோ எத்தனை மணி நேரம் சேர்த்தாலும் அப்படியே நிற்கும், இன்னும் தெளிவாகத் தெரியும். பொறுமையால் தீராத பிழை இது.

சாரஸின் முந்தைய கருவி ஆந்திராவின் திம்பக்துவில் தரையில் நின்று தரவு எடுத்தது. மூன்றாவது கருவிக்கு நிலத்தையே கைவிட்டு ஏரியைத் தேர்ந்தெடுத்தார்கள். மண் ஆழத்துக்கு ஆழம் மாறும். தண்ணீர் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி. கூம்பு வடிவ ஆன்டெனாவை ஒரு மிதவையில் ஏற்றி, முதல் பெருக்கியை அதன் அடியிலேயே வைத்து, சிக்னலைக் கண்ணாடி இழை வழியே கரைக்கு அனுப்பினார்கள். ஆன்டெனாவுக்கும் பெருக்கிக்கும் நடுவே நீளமான கேபிள் இல்லாததால் மீதியிருக்கும் நெளிவு மிகப் பெரிய இடைவெளியில் வரும். தேடும் பள்ளத்தோடு அது குழம்பாது. பூஸ்டரை எல்என்பிக்கு நெருக்கமாக வைக்கச் சொல்லும் கேபிள்காரருக்கு இந்த யோசனையில் வியக்க எதுவும் இராது. 2020இன் தொடக்கத்தில் தண்டிகானஹள்ளி ஏரியிலும் ஷராவதி அணையின் தேங்குநீரிலும் தரவு எடுக்கப்பட்டது. ஊர்களை விட்டு விலகிப் போனதற்கும் காரணம் உண்டு. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை எஃப்எம் நிலையங்கள். தேடும் பட்டை அதற்கு நேர் கீழே. நகரத்துச் சுவிட்ச் மோட் சார்ஜர்களும் எல்இடி விளக்குகளும் போடும் இரைச்சல் வேறு.

சௌரப் சிங், ரவி சுப்ரமணியன், உதய சங்கர் முதலானோர் கொண்ட குழுவின் முடிவு 2022 பிப்ரவரியில் ‘நேச்சர் அஸ்ட்ரானமி’ இதழில் வந்தது. 55 முதல் 85 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தரவில் எட்ஜஸ் சொன்ன வடிவப் பள்ளம் இல்லை. அதை நிராகரிக்கும் உறுதி 95.3 சதவீதம். நூற்றில் ஐந்து பங்குச் சந்தேகத்தைப் பெரிது என்று கருதுவோரும் உண்டு. இந்தத் துறையில் ஒரே கருவியின் சொல்லை முடிவாக எடுத்துக்கொள்வதும் வழக்கமில்லை. ஆனால் கரும்பொருள் வரை போன விளக்கங்களின் அவசரம் அத்தோடு தணிந்தது. பள்ளமே இல்லை என்று சாரஸ் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோட்பாடு எதிர்பார்க்கும் ஆழம் குறைந்த பள்ளம் எங்கோ இருக்கலாம். அதைப் பிடிக்கக் கருவியின் நெளிவு இன்னும் பல மடங்கு குறைய வேண்டும்.

அதற்காக ராமன் ஆராய்ச்சி நிலையம் பிரத்யுஷ் என்ற கருவியை நிலவைச் சுற்றும் விண்கலத்தில் அனுப்பத் திட்டமிட்டு வேலை செய்துவருகிறது. நிலவின் மறுபக்கத்துக்கு மேலே பறக்கும் நேரத்தில் பூமியின் எஃப்எம் நிலையங்கள் எல்லாவற்றையும் நிலவே மறைத்துவிடும். அடியில் மண்ணும் கிடையாது, ஏரியும் வேண்டாம். அலை திரும்பிவரக்கூடிய பொருளாக அருகில் மிஞ்சுவது விண்கலத்தின் உடல்தான். அதன் அளவு, வடிவம், சூரியப் பலகை விரியும் திசை ஆகிய அனைத்தும் ஆன்டெனாவின் பகுதியாகவே எண்ணி வடிவமைக்கப்பட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
நீலசந்திரா, பெங்களூரு